முதல் பெயர்க்காரரும் செவ்வால் பல்லியும்

உலகத்து ஜீவராசிகளை முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் விலங்கியல் படித்தவர்கள். பிரிக்கட்டும், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் நம் ஊர்களில் ஏராளமாகத் திரிகிற ஓர் இனத்தை மட்டும் அவர்கள் தங்கள் புத்தகங்களில் சேர்க்கவே இல்லை. அந்தப் புத்தகங்களை எழுதியவர்களில் பாதிப் பேர் அந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் விட்டுப்போயிருக்கும் என்பது என் சந்தேகம். அந்த இனத்துக்கு முதல் பெயர்க்காரர் என்று பெயர்.

அவரை உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் பெண் யார், மாப்பிள்ளை யார், எந்த ஊரில் முகூர்த்தம் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நேரே அடிக்குப் போய், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தன் பெயர் மேலிருந்து எத்தனாவது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டாவதாக இருந்தால் அந்தக் கல்யாணத்துச் சாம்பாரில் உப்பு இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிபவர் அவர். வாசகசாலை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியவர்கள் வேறு, கல் சுமந்தவர்கள் வேறு, வசூலுக்காக வெயிலில் அலைந்தவர்கள் வேறு. எல்லாம் முடிந்து வெள்ளையடித்த பிறகு வந்து வாசலில் நின்றவர் இவர். கல்லில் வெட்டியிருப்பது யார் பெயர்? கேட்கவும் வேண்டுமா?

ஒரு வேலை தொடங்கும்போது அவர் வாயில் 'நீ' வரும். "நீ போ, நீ பாரு, நீ எழுது." வேலை நடுவில் மாட்டிக்கொண்டால் 'நாம' வரும். "நாம என்ன செய்ய முடியும்?" வேலை நல்லபடியாக முடிந்த மறு நிமிஷம் 'நான்' வந்துவிடும். வந்தால் போகாது.

இந்த இனம் எல்லா இடத்திலும் உண்டு. ஆனாலும் ஆராய்ச்சி நடக்கிற இடத்தில்தான் கொழுத்து வளர்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரையில் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக அச்சாகும். வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் முதல் இடம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்.

பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு மாதிரி வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் சுந்தரபாண்டியை எடுத்துக்கொள்வோம். நல்ல மனிதர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். யாரையும் கடிந்து பேச மாட்டார். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் உழுது பிழைக்கிற சம்சாரிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊரில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் ஆளின் பெயர், ஒவ்வொரு புஞ்சைக்கும் ஓர் ஆளின் பெயர். தாத்தா பெயரில் ஓர் ஓடை ஓடுகிறது. நாலாம் வகுப்போடு நின்றுபோன அண்ணன் பெத்தணன் பெயரில் ஒரு கிணறு. 'பெத்தணன் கிணத்துல குளிச்சிட்டு வாரேன்' என்று ஜனங்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். எம்.ஏ. படித்த சுந்தரபாண்டியின் பெயரில் என்ன இருக்கிறது? ஒரு வாய்க்கால்கூட இல்லை. ஊருக்குப் போனால் 'வாத்தியார் வந்திருக்காரு' என்பார்களே தவிர, பெயரைச் சொல்வதில்லை. அது அவருக்கு நெஞ்சில் தைத்த முள். ஓய்வு பெறும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கிணறு இல்லாவிட்டால் போகிறது, ஓடுவதோ ஊர்வதோ ஏதாவது ஒரு ஜந்துவாவது தன் பெயரோடு இந்த உலகத்தில் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஆசையில் தப்பில்லை. அந்த ஜந்துவைத் தேடி வெயிலில் போக மட்டும் அவர் ஆசைப்படவில்லை.

அவர் பாடம் நடத்துகிற அழகைச் சொல்ல வேண்டும். விருதுநகரில் தவளை கிடைக்காது. மழை கிடைத்தால்தானே தவளை கிடைக்கும்? ஆனைக்குட்டம் பக்கத்துக் கண்மாயில் பிடித்து, ஈரச்சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவார் பியூன் ஒச்சப்பன். மாணவர்கள் அதை மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நரம்பாகப் பிரித்து வைப்பார்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவர் டெமான்ஸ்ட்ரேட்டர் செல்லக்கனி. எல்லாம் முடிந்து, மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பேராசிரியர் உள்ளே வருவார். எந்தத் தட்டு அழகாக இருக்கிறதோ அங்கே நிற்பார். கையை நீட்டுவார். இடுக்கியை அந்தக் கையில் வைக்க வேண்டும். ஏற்கெனவே சரியாக இருக்கிற ஒரு நரம்பை ஒரு நூல் அளவு நகர்த்துவார்.

"இப்பத்தான் சரியா இருக்கு" என்பார்.

அந்த நிமிஷத்திலிருந்து அந்தத் தவளை அவருடையது. மதிப்பெண் மட்டும் மாணவனுக்கு.

துறையின் அருங்காட்சி அறையில் ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: 'சேகரித்தவர்: பேராசிரியர் சுந்தரபாண்டி.' மதராஸ் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்து ரயிலில் வந்து இறங்கிய கடல்குதிரை, நட்சத்திர மீன், எல்லாவற்றிலும் அந்தச் சீட்டு. மூலையில் கம்பியில் தொங்கிய மனித எலும்புக்கூட்டின் விலாவிலும் அதே சீட்டு. ஒருமுறை கல்லூரியைப் பார்வையிட வந்த குழுவில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இவரை எங்கன வச்சுப் பிடிச்சீக?" என்று கேட்டார். பேராசிரியர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "அது பழைய சேகரிப்பு" என்றார்.

இப்போது செல்லக்கனி. எம். புதுப்பட்டிக்காரி. பட்டாசு செய்கிற வெடி ஆபீசில் வேலை பார்த்த தாய் சுப்புத்தாய், மகள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று பிடிவாதமாகப் படிக்க வைத்து ஆளாக்கிய பெண். வாயில் கொஞ்சம் காரம் உண்டு. டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை தற்காலிகம்தான். விரிவுரையாளர் ஆக வேண்டுமென்றால் தன் பெயர் போட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நிர்வாகம் அவளிடம் சொல்லியிருந்தது. அவளுக்கு ஆலங்குளத்தில் ஓர் அத்தை, பெயர் ஆவுடைத்தாய், சுண்ணாம்புக் கல் உடைக்கிற வேலை. லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போன இடத்தில், வெள்ளைப் பாறை இடுக்கில் ஒரு சின்னப் பல்லியைச் செல்லக்கனி பார்த்தாள். உடம்பும் வாலும் சாம்பல் நிறம். பார்க்கச் சாதாரணப் பல்லிதான். ஆனால் பிடித்துக் கால் விரலுக்கு அடியில் இருக்கும் செதில்களைப் பார்த்தபோது, அந்த அமைப்பு அவள் படித்த எந்தப் புத்தகத்துப் பல்லிக்கும் ஒத்துவரவில்லை. ஒரு வருஷம் லீவு நாளெல்லாம் அந்தப் பாறையிலேயே கிடந்து, பிடித்து, அளந்து, படம் வரைந்து, கடைசியில் ஒன்றை ஸ்பிரிட் ஜாடியில் போட்டுத் துறைத் தலைவரின் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

பேராசிரியர் கையை நீட்டினார். செல்லக்கனி இடுக்கியைக் கொடுத்தாள். பல்லியின் ஒரு காலை அவர் ஒரு நூல் நகர்த்தினார்.

"நான் நினைச்சேன்" என்றார். "ஆலங்குளம் பக்கம் இப்படி ஒண்ணு இருக்கணும்னு ரொம்ப நாளா நான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

புது ஜந்துவுக்குப் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. லத்தீனில் இரண்டு சொல். அதற்குப் பின்னால், அதை முதலில் எழுதி அச்சிட்டவரின் பெயர். எழுதியவர் தன் பெயரையே ஜந்துவுக்கும் சூட்டிக்கொள்வது நாகரிகம் இல்லை. இந்த இடத்தில்தான் பேராசிரியருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. பல்லிக்குச் சுந்தரபாண்டி என்று பெயர் வர வேண்டுமானால் கட்டுரையைச் செல்லக்கனி எழுத வேண்டும். கட்டுரை சுந்தரபாண்டியுடையதாக இருக்க வேண்டுமானால் பல்லிக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். பல்லியின் பெயருக்கு உள்ளே போவதா, பின்னால் நிற்பதா? உள்ளே போனால் கட்டுரையில் ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் தனக்கு முன்னால் நிற்பாள். அது நடக்கிற காரியமா? பின்னாலேயே நின்றுவிடத் தீர்மானித்தார். பல்லிக்குப் பின்னால், கட்டுரைக்கு முன்னால். 'சுந்தரபாண்டி, செல்லக்கனி' என்று வரிசை போட்டார். இரண்டாவதாகவாவது வருகிறதே என்று செல்லக்கனியும் பேசாமல் இருந்துவிட்டாள்.

கல்கத்தா இதழுக்கு அனுப்பினால் நாள் ஆகும். திருத்தம் வேறு சொல்வார்கள். அதனால் கல்லூரி சார்பில் ஓர் ஆராய்ச்சி இதழையே தொடங்கிவிட்டார் பேராசிரியர். ஆசிரியர் அவர். முதல் இதழின் முதல் கட்டுரை அவருடையது. 'முதல் கட்டுரை மிகவும் உயர்ந்த தரத்தில் அமைந்துள்ளது' என்று தலையங்கத்தில் பாராட்டியவரும் அவர்தான்.

இதழில் பல்லியின் படம் கலரில் வர வேண்டும் என்று சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் கொடுத்தார். அங்கே ஆர்டிஸ்ட் முத்துக்கருப்பன். தீப்பெட்டி லேபிலில் எத்தனையோ புலிகளையும் மயில்களையும் உலவவிட்ட கை. சீசன் நேரம். ஒரு பல்லிக்காக மெஷினை நிறுத்திக் கலர் மாற்ற யாருக்கும் பொழுது இல்லை. தீப்பெட்டி லேபில் ஓடிக்கொண்டிருந்த பெரிய தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. பல்லியை அதில் சேர்த்துவிட்டார்கள். லேபிலுக்குச் சிவப்பு எப்படியும் ஓடத்தான் போகிறது. ஓடுகிற சிவப்பை வீணாக்குவானேன் என்று முத்துக்கருப்பன் பல்லியின் வாலைச் சிவப்பாக்கிவிட்டார்.

மாதிரிப் பிரதி பார்க்கப் பேராசிரியர் நேரில் போயிருந்தார்.

"என்ன மாஸ்டர், வால் சிவப்பா இருக்கு?"

"வெறும் சாம்பலா விட்டா லேபில் எடுபடாது சார்."

"இது லேபில் இல்லப்பா."

"எதுவா இருந்தா என்ன? பாக்கிறவன் கண்ணு அங்கன நிக்கணும்ல. கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க."

பேராசிரியர் தள்ளி வைத்துப் பார்த்தார். கண் நின்றது. அதற்கு மேல் நகரவே இல்லை. அந்தப் பல்லியை அவர் உயிரோடு பார்த்ததே கிடையாது. ஸ்பிரிட்டில் மிதந்த சாம்பல் உடம்பைத்தான் பார்த்திருந்தார். ஸ்பிரிட்டில் கிடக்கிற ஜந்துவுக்கு நிறம் வெளுக்கும். இது முதல் வருஷப் பாடம், அவரே எத்தனையோ தடவை நடத்திய பாடம். படிக்காத ஆளாக இருந்திருந்தால் 'வாலைச் சாம்பலாக்கு' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். படித்தவர் அல்லவா, யோசித்தார். வெளுத்து இப்படி இருக்கிறதென்றால் உயிரோடு எப்படி இருந்திருக்கும்? சிவகாசியில் பஸ் ஏறுவதற்குள் காரணம் கிடைத்துவிட்டது. விருதுநகரில் இறங்குவதற்குள் லத்தீன் பெயரும் கிடைத்துவிட்டது. அதற்கு 'சிவந்த வாலை உடையது' என்று அர்த்தம்.

"சார், வால் சாம்பல் நிறம். நான் உயிரோட பாத்திருக்கேன்" என்றாள் செல்லக்கனி.

"எந்த மாசம் பாத்தே?"

"எல்லா மாசமும் பாத்தேன் சார்."

"ஆண் பல்லியைப் பாத்தியா?"

"ரெண்டையும் பாத்தேன்."

"ஓணானுக்குக் கழுத்து சிவக்குதா இல்லையா?"

"சிவக்கும் சார். இது ஓணான் இல்லையே."

"நீ பாக்கிற சமயத்துல சிவக்காம இருந்திருக்கும்மா. ஆராய்ச்சிங்கிறது கண்ணால பாக்கிறது மட்டும் இல்ல."

செல்லக்கனி அந்தப் படத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "இல்லாத வாலுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. என் பேரை எடுத்துருங்க சார்" என்றாள்.

முதல் பெயர்க்காரரின் காதில் இதைவிட இனிப்பான சொல் விழ முடியுமா? முகத்தில் மட்டும் வருத்தத்தை வைத்துக்கொண்டு, "உன் இஷ்டம்மா" என்று அப்போதே பேனாவைத் திறந்து அடித்துவிட்டார். அந்த அடியோடு விரிவுரையாளர் வேலையும் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். அன்று மாலை எம். புதுப்பட்டி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கேலிக் கட்டுரை என்பதற்காக அதை நான் மறைக்கக் கூடாது.

இதழ் வெளிவந்தது. கல்லூரி மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. ஊர்ப் பிரமுகர்கள் மாலையோடு வந்தார்கள். நகரசபை உறுப்பினர் தங்கச்சாமிக்குக் காலண்டர் வியாபாரமும் உண்டு. அவர் எழுந்து, "அய்யா, இந்தப் புதுப் பல்லி தலையில விழுந்தா பழைய பலன்தானா, இல்ல வேறயா? காலண்டர் அடிக்கிற நேரம். இப்பவே சொல்லிட்டீகன்னா பலன் அட்டவணையில சேத்துருவோம்" என்றார். பேராசிரியர் யோசித்துவிட்டு, "அது ஆராய்ச்சியில இருக்கு" என்றார். பிறகு அவர் ஏற்புரையில், "இந்தப் பல்லியின் வால் இயற்கையிலேயே செந்நிறமானது" என்று அழுத்திச் சொன்னபோது, மண்டபத்து உத்தரத்திலிருந்து ஒரு வீட்டுப் பல்லி சத்தம் கொடுத்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலிக் கையைத் தட்டி, "பல்லியே சொல்லிருச்சு" என்றார்கள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பேராசிரியருக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் பெத்தணனும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

இதழ் மதராஸுக்கும் போனது. ஊர்வனவற்றில் பெரிய ஆள் என்று பெயரெடுத்த டாக்டர் கண்ணுச்சாமி, செவ்வால் பல்லியை உயிரோடு பார்க்க அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

பேராசிரியருக்கு முதலில் தலை கால் புரியவில்லை. பிறகுதான் வால் ஞாபகம் வந்தது. ஒச்சப்பனை ஆலங்குளத்துக்கு அனுப்பினார். ஒச்சப்பன் ஒரு பிரம்புக்கூடை நிறையப் பல்லி கொண்டுவந்தார். அத்தனையும் சாம்பல். பேராசிரியர் கூடைக்குள் பார்த்தார். கூடையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். எந்தப் பல்லியும் அவரை மதித்துச் சிவக்கவில்லை. பெயரை மாற்றிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு தரம் அச்சான பெயர், பொருந்தாவிட்டாலும் காலத்துக்கும் அப்படியே நிற்கும் என்பது பெயர் வைக்கிற சட்டம். பெயர் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதும் அதைத்தானே?

மறுநாள் காலை அவர் ஒரு பல்லியைப் புட்டியில் போட்டுக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினார்.

"மாஸ்டர், நீங்கதான் ஆரம்பிச்சு வச்சீங்க. ஒரு சொட்டுச் சிவப்பு" என்றார்.

முத்துக்கருப்பன் பல்லியையும் பேராசிரியரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாள்ல பிடிக்கும் சார். தோல்ல பிடிக்குமான்னு தெரியலையே."

"பிடிக்கும். போடுங்க."

"வாலை அசையாமப் பிடிச்சுக்கிடுங்க."

பேராசிரியர் அசையாமல் பிடித்தார். வாலைப் பிடித்தால் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடும் என்பது எந்தப் பரீட்சையிலும் கேட்கப்படுகிற கேள்வி. அதற்கு அவர் இருபது வருஷமாக மதிப்பெண் போட்டு வந்திருக்கிறார். தூரிகை பட்டதோ இல்லையோ, பல்லி மேஜையிலிருந்து குதித்து லேபில் கட்டுகளுக்குள் மறைந்தது. வால் மட்டும் மேஜையில் துடித்தது. அந்த வால் அருமையான சிவப்பு.

"வேணும்னா வாலை மட்டும் காட்டுங்களேன்" என்றார் முத்துக்கருப்பன்.

டாக்டர் கண்ணுச்சாமி வந்தார். தொப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸ், அதிகம் பேசாத வாய். கல்லூரி வேனில் ஆலங்குளத்துக்குப் புறப்பட்டார்கள். எந்தப் பாறையில் எந்தப் பல்லி என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால் செல்லக்கனியையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பேராசிரியர் மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்தார்: 'சீசன் முடிஞ்சிருச்சு டாக்டர், இப்ப நிறம் இறங்கியிருக்கும்.'

கல் உடைக்கும் இடத்தில் ஆவுடைத்தாய் முக்காட்டை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். "வாங்கய்யா. எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீக. என்ன பாக்கணும்?"

"சிவப்பு வால் பல்லி ஒண்ணு இங்கன இருக்காமே, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"சிவப்பா? இங்கன எல்லாம் சாம்பல்தான்யா. சிவப்பு வேணும்னா சிவகாசியில கேட்டுப் பாருங்க. அங்கன எந்தக் கலரும் கெடைக்கும்."

ஆவுடைத்தாய் சும்மாதான் சொன்னாள். பேராசிரியருக்குக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது.

செல்லக்கனி காட்டிய பாறையில் பல்லிகள் தாராளமாக இருந்தன. டாக்டர் ஒன்றை லாவகமாகக் கழுத்தில் பிடித்து, புரட்டி, கால் விரலை லென்ஸில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் வாலைப் பார்த்தார். அப்புறம் பேராசிரியரைப் பார்த்தார்.

"புரபசர், உங்க பல்லிக்கு வால் சிவப்பு."

"ஆமா."

"இதுக்குச் சாம்பல்."

"ஆமா."

"அப்ப இது வேற பல்லிதானே?"

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று அந்த மனிதரின் நிலைமையைப் பாருங்கள். 'இல்லை, இதுவும் என் பல்லிதான்' என்று சொன்னால், சிவப்பு வால் பொய், லத்தீன் பெயர் பொய், மாலை பொய், மண்டபத்துப் பல்லி சொன்னதும் பொய். 'வேற பல்லிதான்' என்று சொன்னால், பாறை பாறையாக ஓடிக்கொண்டிருக்கிற இந்த உயிருள்ள பல்லிகளில் ஒன்றுகூட அவருடையது இல்லை. தயார் செய்துவைத்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. சீசன் முடிந்துவிட்டது என்றால், அடுத்த சீசனுக்கு வருகிறேன் என்பாரே இந்த மனிதர். உதவிக்குச் செல்லக்கனியின் பக்கம் திரும்பினார். அவள் அவரைப் பார்க்காமல் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேறதான்" என்றார் பேராசிரியர்.

அந்தச் சமயத்தில் எந்தப் பல்லியும் சொல்லவில்லை.

டாக்டர் கண்ணுச்சாமி பல்லியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதன் ஒரு காலை விரலால் ஒரு நூல் நகர்த்தினார். "நான் நினைச்சேன்" என்றார். "இந்தச் சுண்ணாம்புப் பாறையில இப்படி ஒண்ணு இருக்கணும்னு ரொம்ப நாளா நான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

பேராசிரியர் அந்த வார்த்தைகளை எங்கோ கேட்டிருந்தார். எங்கே என்று உடனே ஞாபகம் வரவில்லை.

செல்லக்கனிக்கு ஞாபகம் இருந்தது. "இதை மொதல்ல பாத்தது நான் சார்" என்றாள்.

"அப்படியாம்மா? அளவெல்லாம் எடுத்து வச்சிருக்கியா?"

"ஒரு வருஷத்து அளவு இருக்கு சார்."

"நல்லதாப் போச்சு. உன் பேரையும் போட்டுருவோம்."

"எத்தனாவதா சார்?"

டாக்டர் சிரித்தார். "பேரு வர்றதுதாம்மா முக்கியம். எத்தனாவதுன்னெல்லாம் பாக்கக் கூடாது."

எத்தனாவது என்று பார்க்கக் கூடாது என்று சொல்கிறவர் எத்தனாவதாக இருப்பார்? உங்களுக்கே தெரியும். ஆலங்குளத்துப் பல்லி என்று அர்த்தம் வருகிற லத்தீன் பெயரோடு, 'கண்ணுச்சாமி, செல்லக்கனி' என்று கல்கத்தா இதழில் கட்டுரை வந்தது. செல்லக்கனிக்கு விரிவுரையாளர் வேலையும் வந்தது. அன்றைக்கு ஆலங்குளத்திலிருந்து வேனில் திரும்பும்போது பேராசிரியர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பாவம்தான். ஒரு பல்லி அவருடையதாக ஆகியிருக்கும். அதைச் சிவப்பாக்கி அவரே விரட்டிவிட்டார்.

ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். செவ்வால் பல்லியின் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். ஓரத்தில் தீப்பெட்டி லேபிலின் மயில் தோகை கொஞ்சம் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் பெத்தணன் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏலே, இது எங்கனலே இருக்கு? பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்ல" என்று கேட்டார்.

"அபூர்வமானதுண்ணே. லேசுல கண்ணுல படாது."

ஊரார் இப்போது அவரை வெறும் வாத்தியார் என்று சொல்வதில்லை. 'பல்லி வாத்தியார்' என்கிறார்கள். அவர் பெயர் பல்லிக்குப் போகவில்லை. பல்லியின் பெயர் அவருக்கு வந்துவிட்டது.

இத்தோடு இந்த இனம் அழிந்தது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வண்ணத்துப்பூச்சிக்குப் புழுப் பருவம் இருப்பதுபோல முதல் பெயர்க்காரருக்கும் ஒரு பருவம் உண்டு. அதற்கு இரண்டாவது பெயர்க்காரர் என்று பெயர். அந்தப் பருவத்தில் அது வாய் பேசாது. வரிசையில் தனக்கு முன்னால் நிற்கிற பெயரைப் பார்த்துக்கொண்டே இலை தின்று வளரும். அறுபத்தொன்பதில் ஒரு நாள் அதே கல்லூரியில், அதே மெழுகுத் தட்டு மேஜையில், வெள்ளைத்தாய் என்ற புது டெமான்ஸ்ட்ரேட்டர் ஒரு தேளை அறுத்து, நரம்புகளை அத்தனை அழகாகப் பிரித்து வைத்திருந்தாள். மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. விரிவுரையாளர் செல்லக்கனி உள்ளே வந்தாள். அந்தத் தட்டின் முன்னால் நின்றாள். கையை நீட்டினாள்.

ஒரு நரம்பு ஒரு நூல் நகர்ந்தது.

"இப்பத்தான் சரியா இருக்கு" என்றாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்தபோது உங்கள் ஆபீசிலோ குடும்பத்திலோ ஒருவர் முகம் கண் முன்னால் வந்திருக்கும். நாளைக்கு நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தப் பல்லிக் கதையை எடுத்துவிடப் போகிறீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்து, "யார் சொன்ன கதை இது?" என்று ஒருவர் கேட்பார். அப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்? "யாரும் சொல்லலை, நான் சும்மா..." என்று தொடங்குவீர்கள்.

பார்த்தீர்களா, 'நான்' வந்துவிட்டது.